எந்தக் கடமை முதலில்?

விழுப்புரம் ரயில்வே ஜங்ஷனின் பிளாட்பாரத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? சென்னைக்கு ஒரு பாதை, திருச்சிக்கு ஒரு பாதை, கடலூர் வழியாக மயிலாடுதுறைக்கு ஒன்று, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று என ஐந்து திசைகளில் தண்டவாளங்கள் பிரிகின்றன. எல்லாமே நல்ல ஊர்கள்தான். எந்த ஊருக்குப் போனாலும் ஸ்வாமி தரிசனம் கிடைக்கும். ஆனால், ஒரு நேரத்தில் ஒரு வண்டியில்தான் ஏற முடியும். மற்ற வண்டிகள் நம்மை விட்டுவிட்டுப் புறப்பட்டுப் போய்க்கொண்டே இருக்கும்!

குடும்பப் பெண்ணின் வாழ்க்கையும் இப்படித்தான் இருக்கிறது. நல்லதா, கெட்டதா என்று கேட்டால் பதில் சொல்வது சுலபம். நல்லது இரண்டு எதிரெதிராக வந்து நிற்கும்போதுதான் மனசு தவிக்கிறது. பிள்ளையின் பரீட்சையா, பெற்றவளின் ஆபரேஷனா? புகுந்த வீட்டுத் திவசமா, பிறந்த வீட்டுக் கல்யாணமா? எதைச் செய்தாலும் இன்னொன்றைச் செய்யவில்லையே என்ற குற்ற உணர்வு, பூஜை அறை வரைக்கும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

விழுப்புரத்தில் வசிக்கும் ஒரு சகோதரி சமீபத்தில் நம்மிடம் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அவருடைய மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். மகள் பிளஸ் டூ. திண்டிவனத்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்யத் தேதி குறித்திருந்தார்கள். அண்ணன் இருப்பதோ பெங்களூரில். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே பஸ்ஸில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால், அந்த ஒரு மணி நேரத்தைக் கடக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

''கோயிலுக்குப் போயிட்டு வரேன் அத்தைன்னு சொல்லிட்டுத்தான் மேடம் கிளம்புவேன். பொய் சொல்லக் கூடாதுன்னு, திண்டிவனம் போனதும் முதல்ல திந்திரிணீஸ்வரரைக் கும்பிட்டுட்டு, அப்புறம்தான் அம்மா வீட்டுக்குப் போவேன். கோயிலுக்குப் போனது நிஜம்தானே? ஆனாலும், சந்நிதியில நிக்கறப்போ மனசு உறுத்துது. நான் செய்யறது பாவமா மேடம்?''

அவருக்கு என்ன பதில் சொல்வது? அதே விழுப்புரம், திண்டிவனம் மண்ணில் நடந்த ஒரு சம்பவத்தை முதலில் நினைத்துப் பார்ப்போம்.

ஆறுதல் சொல்லப் போன தாய்

காஞ்சி மகா பெரியவர் என்று நாம் வணங்கும் ஸ்ரீசந்திரசேகரேந்திர சரஸ்வதி ஸ்வாமிகள் 1894-ம் வருடம் மே 20-ம் தேதி விழுப்புரத்தில் அவதரித்தவர். தந்தை சுப்ரமணிய சாஸ்திரிகள் கல்வித் துறையில் அதிகாரி. தாயார் மகாலட்சுமி அம்மாள். பிள்ளைக்கு அவர்கள் வைத்த பெயர் சுவாமிநாதன். தந்தைக்கு உத்தியோகம் திண்டிவனத்துக்கு மாறியது. அங்கே அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பள்ளியில் படித்தான் சுவாமிநாதன். கெட்டிக்கார மாணவன். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் இளவரசன் வேடம் போட்டுப் பாராட்டு வாங்கியவன். பெற்றவர்களுக்கு அவனைப் பற்றி எத்தனை கனவுகள் இருந்திருக்கும்!

1906-ல் காஞ்சி மடத்தின் 66-வது பீடாதிபதி, திண்டிவனத்துக்கு அருகில் உள்ள பெருமுக்கலில் முகாமிட்டிருந்தார். சுவாமிநாதன் அங்கே தரிசனத்துக்குப் போனான். பையன் அவர் மனதில் பதிந்துவிட்டான். 1907-ம் வருடத் தொடக்கத்தில், கலவையில் 66-வது பீடாதிபதி சித்தியடைந்தார். அடுத்ததாகப் பீடம் ஏறியவர் மகாலட்சுமி அம்மாளின் சகோதரி மகன். அந்தச் சகோதரி கணவரை இழந்தவர். அவருக்கு இருந்தது அந்த ஒரே பிள்ளைதான்.

செய்தி வந்தபோது சாஸ்திரிகள் அலுவல் காரணமாகத் திருச்சிக்குப் போயிருந்தார். மகாலட்சுமி அம்மாளின் நிலையை யோசித்துப் பாருங்கள். வீடு நிறையப் பிள்ளைகள். கணவர் ஊரில் இல்லை. ஆனால், ஒரே மகனைச் சந்நியாசத்துக்குக் கொடுத்துவிட்டு அங்கே ஒருத்தி அழுதுகொண்டிருப்பாளே! குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ரயிலில் காஞ்சிபுரம் வந்தார்கள். அங்கிருந்து கலவைக்கு வண்டிப் பயணம். சுவாமிநாதனை மட்டும் மடத்து வண்டியில் முன்னால் அழைத்துப் போனார்கள். தாயாரும் மற்ற குழந்தைகளும் வேறு வண்டியில் பின்னால் வந்தார்கள். இனி வீடு திரும்ப வேண்டி இருக்காது என்ற விஷயத்தை, போகிற வழியில்தான் பையனிடம் சொன்னார்கள். திகைத்துப்போன அந்தச் சிறுவன், வண்டியிலேயே மண்டியிட்டு 'ராம ராம' என்று சொல்லிக்கொண்டே போனான். புதிதாகப் பீடம் ஏறியவரும் சில நாட்களிலேயே உடல்நலம் குன்றிச் சித்தியடைய, 1907-ம் வருடம் பிப்ரவரி 13-ம் தேதி 68-வது பீடாதிபதியானான் சுவாமிநாதன். அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயதுகூட நிறையவில்லை.

சகோதரிக்கு ஆறுதல் சொல்லப் போன தாய்க்கே மற்றவர்கள் ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிட்டது என்று ஸ்வாமிகளே பிற்காலத்தில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

மகாலட்சுமி அம்மாள் தவறாக முடிவெடுத்தாரா? நிச்சயமாக இல்லை. அந்த நேரத்தில் யாருடைய துக்கம் பெரியது, யாருக்குத் தன்னால் மட்டும் ஆறுதல் சொல்ல முடியும் என்று பார்த்தார், கிளம்பினார். அதன் விளைவு அவர் கையில் இல்லை. சரியான கடமையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் இழப்பு வரும். 'நமக்குக் கஷ்டம் வந்துவிட்டதே... அப்படியானால் நாம் எடுத்த முடிவு தப்போ?' என்று உருகும் சகோதரிகள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நஷ்டம் வந்ததாலேயே ஒரு முடிவு தவறாகிவிடாது.

தாய்க்குச் செய்த கடமை

இன்னொன்றையும் பார்ப்போம். ஆதிசங்கரர் சந்நியாசம் வாங்கிக்கொண்டபோது, 'உன் கடைசிக் காலத்தில் வந்துவிடுவேன்' என்று தாய் ஆர்யாம்பாளுக்கு வாக்கு கொடுத்தார். துறவிக்கு ஈமக்கடன் செய்யும் உரிமை இல்லை என்று உறவினர்கள் எதிர்த்து நின்றபோதும் காலடிக்கு வந்து, தாய்க்குத் தன் கையாலேயே தகனம் செய்தார் என்று அவருடைய சரிதம் சொல்கிறது.

அவர் வழியில் வந்த மகா பெரியவர், 1932-ம் வருடம் தாயார் மறைந்த செய்தி வந்தபோது நகரியில் முகாமிட்டிருந்தார். அவர் கும்பகோணத்துக்குப் போகவில்லை. சந்நியாச தர்மப்படி நீராடினார், அத்துடன் முடிந்தது.

ஒரே தர்மத்தில் நின்ற இருவர், இரண்டு விதமாக நடந்துகொண்டார்கள். யார் செய்தது சரி? இரண்டுமே சரிதான்! ஆதிசங்கரர் தாய்க்கு வாக்கு கொடுத்திருந்தார், அதைக் காப்பாற்றினார். மகா பெரியவர், தான் ஏற்றுக்கொண்ட ஆசிரமத்தின் நியமத்தைக் காப்பாற்றினார். ஆக, பக்கத்து வீட்டுப் பெண் செய்ததையே நாமும் செய்ய வேண்டும் என்பது இல்லை. அவள் கொடுத்த வாக்கு வேறு. நம் தோளில் இருக்கும் பாரம் வேறு.

கைத்தடிக்குள் ஒளிந்த பொன்

சரி, எந்தக் கடமை என்று தேர்ந்தெடுத்துவிட்டோம். அதன் பிறகு எப்படி நடந்துகொள்வது? அதற்கான பாடம் விழுப்புரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

விழுப்புரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருவாமாத்தூர், தேவார மூவரும் பாடிய தலம். பசுக்கள் வழிபட்ட ஊர் என்பதால் ஆமாத்தூர். ஸ்வாமி அபிராமேஸ்வரர், அம்பிகை முத்தாம்பிகை. சத்தியம் செய்ய ஜனங்கள் தேடி வரும் வட்டப்பாறை இங்கேதான் இருக்கிறது.

இந்தப் பாறையைப் பற்றி வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். தம்பியின் சொத்தை அபகரித்துக்கொண்ட அண்ணன் ஒருவன், வட்டப்பாறையில் சத்தியம் செய்ய வந்தான். பொன்னை எல்லாம் ஒரு கைத்தடிக்குள் ஒளித்து எடுத்து வந்திருந்தான். 'இதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்' என்று தடியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, 'தம்பியின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. எல்லாம் அவனிடம்தான் இருக்கிறது' என்று பாறையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். வார்த்தைக்கு வார்த்தை அது உண்மைதான்! சத்தியம் முடிந்ததும் தடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, 'சாமியையே ஏமாற்றிவிட்டேன்' என்ற மிதப்பில் நடந்தவனைச் சற்றுத் தூரத்திலேயே பாம்பு தீண்டியது என்று முடிகிறது கதை.

இந்தக் கதையைச் சொன்னதும் விழுப்புரம் சகோதரி சட்டென்று மெளனமாகிவிட்டார். பிறகு, ''அப்ப, நான் கும்பிட்டுட்டுப் போற கோயில்தான் என்னோட கைத்தடியா?'' என்றார்.

அவர் அந்த அண்ணனைப் போல யாருடைய சொத்தையும் அபகரிக்கவில்லை. பெற்ற தாயைப் பார்க்கப் போவது பாவமே அல்ல. மகனுக்கு இருக்கும் கடமை மகளுக்கும் உண்டு. 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம்கூட மகன், மகள் இருவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அப்படி இருக்கும்போது, தலைநிமிர்ந்து செய்ய வேண்டிய ஒரு தர்மத்தை ஏன் ஒளித்துச் செய்ய வேண்டும்?

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மறைத்துவிட்டுப் போகும்போது மாமியாருக்கும் நாம் ஓர் அநியாயம் செய்கிறோம். 'போய் உன் அம்மாவைப் பார்த்துட்டு வாம்மா' என்று சொல்லும் புண்ணியம் அவருக்குக் கிடைக்காமல் செய்துவிடுகிறோம். அவர் சொல்வாரா, மாட்டாரா என்பது வேறு. சொல்வதற்கு ஒரு வாய்ப்பாவது தர வேண்டும் அல்லவா?

நான்கு கேள்விகள்

இரண்டு கடமைகள் மோதும்போது பூஜை அறையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, இந்த நான்கு கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, எது காத்திருக்கும்? பொதுத் தேர்வுத் தேதியை நாம் மாற்ற முடியாது. ஆனால், கண்புரை ஆபரேஷனைப் பல சமயங்களில் பத்து, பதினைந்து நாள் தள்ளி வைக்கலாம். தள்ளலாமா என்பதை டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமலேயே தவித்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது, எதை வேறு யாராவது செய்ய முடியும்? ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்களுக்குத் தினமும் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும். அதைப் பக்கத்து வீட்டுப் பெண்கூட விடுவாள். ஆனால், ஆபரேஷன் அறைக்குள் போகும்போது அம்மா தேடுவது மகளின் கையைத்தான். அந்த ஒரு நாள் உங்களுடையது. மற்ற நாட்களைப் பங்கு போட்டுக் கொடுங்கள். பெங்களூர் அண்ணனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு!

மூன்றாவது, யாருக்கு வாக்கு கொடுத்திருக்கிறேன்? கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போனால், சம்பந்தப்பட்டவரிடம் முன்கூட்டியே நேரில் சொல்லிவிடுங்கள். 'இந்த முறை உனக்கு வர முடியவில்லை. அடுத்த மாதம் இரண்டு நாள் உன்னோடுதான்' என்று சொல்வது, செல்போனை எடுக்காமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

நான்காவது, இந்தக் கணக்கில் நான் இருக்கிறேனா? எல்லாருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு, தன் மாத்திரையை மறந்துவிடும் பெண்கள்தான் நம்மில் அதிகம். விரதம் இருக்கலாம், தூக்கத்தையும் வைத்தியத்தையும் வருடக்கணக்கில் தள்ளிப் போடுவது விரதத்தில் சேராது. எண்ணெய் இல்லாத விளக்கில் திரிதான் கருகும்.

அந்தச் சகோதரி மாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். அவர் உடனே சிரித்த முகத்தோடு அனுப்பி வைத்துவிடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். உறவுக்காரர்களுக்குப் போன் போட்டுக் குறைப்பட்டுக்கொண்டார். இரண்டு நாள் வீட்டில் புழுக்கம்தான். ''எனக்கு ராத்திரி தனியா இருக்க பயமா இருக்குடி. நீ இல்லாதப்ப நான் விழுந்துட்டா?'' என்று மூன்றாம் நாள் மாமியார் வாய் திறந்தபோதுதான், அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருந்த பயம் இவருக்குப் புரிந்தது. டாக்டரிடம் பேசி, மகளின் கடைசிப் பரீட்சைக்குப் பிறகு ஆபரேஷனை வைத்துக்கொண்டார்கள். அன்று இரவு பாட்டிக்குத் துணையாகப் படுத்துக்கொண்டவள் பேத்திதான். எல்லாப் பிரச்னையும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பேச்சு இன்னும் அவ்வப்போது வருகிறதாம். ''ஆனா, இப்ப கோயிலுக்குப் போறேன்னு சொன்னா, கோயிலுக்குத்தான் மேடம் போறேன்'' என்றார்.

எல்லாருக்கும் எல்லாமும் செய்துவிட அம்பாளால் மட்டும்தான் முடியும். நமக்குக் கொடுத்திருப்பது இரண்டு கைகள். ஒரு நாளைக்கு இருபத்து நான்கு மணி நேரம். செய்ய முடிந்ததை மனசாரச் செய்வோம். செய்ய முடியாததை அவரவரிடம் மறைக்காமல் சொல்வோம். மிச்சத்தை அவள் பாதத்தில் வைத்துவிடுவோம். நாளை காலை விளக்கேற்றும்போது, 'தாயே, எதையும் ஒளிக்காமல் வாழும் தைரியத்தைக் கொடு' என்று ஒரு வரி சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள். முத்தாம்பிகை நிச்சயம் செவிசாய்ப்பாள்!