கேட்காமல் கேட்பது

தென்காசிப் பக்கம் ஒரு பெண் வீட்டுக் கூடம். ஜமக்காளத்தில் இரு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் பரிசத் தாம்பாளம்: வெற்றிலை பாக்கு, மஞ்சள் கிழங்கு, தேங்காய், மடிப்புக் கலையாத பட்டுச்சேலை. மாப்பிள்ளையின் பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்கிறார்: "நாங்க எதுவும் கேக்கல. உங்க பொண்ணுக்கு நீங்க போடுறதப் போடுங்க." பெண்ணின் தகப்பனார் தரையைப் பார்க்கிறார். மாப்பிள்ளை வீட்டு மூத்த மருமகள் எத்தனை பவுனோடு வந்தாள் என்பது அவருக்குத் தெரியும். தெரியும் என்பது பெரியப்பாவுக்கும் தெரியும்.

இது கேட்டதா, கேட்காததா?

1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம், யாரும் கேட்காமல் வழக்கப்படியும் வசதிக்கு உட்பட்டும் தரும் பரிசுகளைக் குற்றமாகக் கொள்வதில்லை. அவற்றைப் பட்டியலிட்டு வைத்தால் போதும். பெரியப்பாவின் வாக்கியம் அந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறது. மறுக்க முடியாதவரிடம் 'உங்கள் விருப்பம்' என்பது கேட்பதேதான். வரதட்சணை கொடுத்தவரையும் வாங்கியவரையும் சட்டம் ஒரே தட்டில் வைக்கிறது. அறத்தின் தராசில் அப்படி வைக்க முடியாது. மகள் நாளை வாழப்போகும் வீட்டை முன்னிட்டுக் கடன் வாங்கும் தகப்பனும் அதை எண்ணி வாங்குபவரும் ஒன்றல்ல.

"முறை, பெரியவங்க வச்சது" என்பார்கள். ஆனால் பரிசம் என்பதே மாப்பிள்ளை வீடு பெண் வீட்டுக்குக் கொடுத்த பணம். வயலில் உழைக்கும் பெண் போவது பிறந்த வீட்டுக்கு இழப்பு என்று கண்ட சமூகங்களின் வழக்கம் அது. படிப்பும் மாதச் சம்பளமும் மாப்பிள்ளைக்கு விலையேற்ற, பணம் திசை மாறியது. தாம்பாளம் மட்டும் பழைய திசையிலேயே வருகிறது.

திசை மாறாத இடமும் உண்டு. இந்தோனேசியாவின் நியாஸ் தீவில் இன்றும் மாப்பிள்ளை வீட்டார்தான் பன்றிகளும் பொன்னும் தருகிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் 'போவோ'. கொடை என்ற பொருளும் அதற்கு உண்டு. அந்தக் கொடைக்காகப் பட்ட கடனை அடைக்கப் பல குடும்பங்களுக்கு ஆண்டுக்கணக்காகிறது. ஆக, யார் தருகிறார் என்பதல்ல பிரச்சினை. தர முடியாது என்று அவரால் சொல்ல முடிகிறதா என்பதுதான்.

இதற்காகச் சடங்கையே தூக்கி எறியச் சொல்வது அவசரம். மொய் நோட்டில் ஒரு வீட்டின் பாரத்தை ஊரே பங்கு போட்டுக்கொள்கிறது. பெண்கள் இடும் குலவைக்குச் செலவே இல்லை. இவை இருக்கட்டும்.

கூடத்தில் பேச முடிந்தும் இன்னும் பேசாதிருப்பவர் ஒருவர்தான்: மாப்பிள்ளை. பெண்ணின் தகப்பனாரால் "முடியாது" என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளையால் "வேண்டாம் பெரியப்பா" என்று சொல்ல முடியும். அதையும் தாம்பாளம் கை மாறுவதற்கு முன்பே, எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும்.