பழியும் பரிவும்

நோய் உடலுக்கு வருவது. பழி பெயருக்கு வருவது. நோயை மருத்துவர் தீர்ப்பர். பழியைத் தீர்ப்பவர் யாவர்? இவ்வினாவுக்கு விடை காணாத சமுதாயம், மருத்துவத்தில் எத்துணை முன்னேறினும் அறத்தில் பின்தங்கியதே ஆகும்.

ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் மாவட்டத்தில், இருப்புப்பாதை செல்லும் வழியில் அமைந்த சிற்றூர் பாலோ. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்களும் ரப்பர்த் தோட்டங்களும் உள்ளன. ஒருவரை ஒருவர் நன்கறிந்து வாழும் அணுக்கம் இத்தகைய ஊர்களின் செல்வம். சிலவேளை அதுவே சுமையாகவும் மாறும். அங்கே 17 வயது இளந்தாய் ஒருத்தி வாழ்வதாகக் கருதிக்கொள்வோம். கருவுற்ற காலத்துக் குருதிச் சோதனையில் அவள் உடலில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிய வந்தது. நாள் தவறாமல் அவள் மாத்திரை உண்ணுதல் வேண்டும்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், கோவிட் பெருந்தொற்றின் காரணமாக நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. வீட்டார் அனைவரும் பகலும் இரவும் ஒரே கூரையின்கீழ் அடைபட்டிருக்கையில், அவள் மாத்திரையை எங்கே மறைப்பாள்? குளுவாங் மருத்துவமனைக்குச் செல்லும் வழியில், சாலைத் தடுப்பில் நிற்கும் காவலர், "எதற்காகப் போகிறாய்?" என்று வினவினால் என்ன விடை கூறுவாள்? குழந்தைக்கு ஏன் பால்மாவு கரைக்கிறாய், தாய்ப்பால் ஊட்டலாகாதா என்று அண்டை வீட்டு மூதாட்டி அன்புடன் கேட்டால் எவ்வாறு சமாளிப்பாள்? மருந்து அவளுக்குக் கிடைக்கின்றது. அதனை அச்சமின்றி உண்ணும் உரிமைதான் கிடைக்கவில்லை.

மருத்துவம் தன் கடமையைச் செவ்வனே செய்துள்ளது. மருத்துவம் பெறாத தாயிடமிருந்து குழந்தைக்குக் கிருமி பரவும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை எனக் கணக்கிடப்படுகின்றது. உரிய மருந்தினால் அதனை 5 விழுக்காட்டிற்கும் கீழே குறைக்க இயலும். மலேசிய அரசு 1998ஆம் ஆண்டிலேயே கருவுற்ற பெண்களுக்கான சோதனையை நாடு தழுவிய திட்டமாக்கியது. அதன் பயனாக, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் மேகப்புண் நோயும் பரவுவதை ஒழித்த நாடு என்னும் சான்றிதழை உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் மலேசியாவுக்கு வழங்கியது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அப்பெருமையை முதலில் பெற்ற நாடு இதுவேயாகும்.

சேயைக் காத்தோம், நன்று. தாயை என் செய்தோம் என்னும் வினா ஈண்டு எழுகின்றது. குழந்தையின் பொருட்டு மட்டுமே தாய்க்கு மருந்தளித்து, குழந்தை நலமாகப் பிறந்தபின் அவளைத் தூற்றுவது, விளக்கை ஏற்றிக்கொண்டு தீக்குச்சியை எறிவது போன்றது. அவள் ஒரு வழியல்லள், ஓர் உயிர். அதனினும், தாயாகிவிட்டமையால் அவள் குழந்தைப்பருவம் நீங்கியவளும் அல்லள்.

பரிவு காட்டினால் ஒழுக்கம் தளரும் எனச் சான்றோர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் புறக்கணிக்கத் தக்கதன்று. ஒழுக்கத்தைப் பேணாத சமுதாயம் இளையோரைக் காக்க இயலாது. ஆயினும் பழி என்பது தேர்ந்து செய்தவரையே சாரும். 16 வயது நிரம்பாத பெண், மணவாழ்வுக்குப் புறம்பான உறவுக்கு இசைந்தாலும் அது வன்புணர்ச்சியே என்பது மலேசியத் தண்டனைச் சட்டத்தின் முடிபு. அவள் இசைவைச் சட்டம் இசைவாகவே ஏற்காதபோது, ஊர்வாய் மட்டும் அதனைக் குற்றமாக ஏற்பது எங்ஙனம் பொருந்தும்? 17 வயதில் தாயான பலரின் துன்பம் அந்த இளவயதில் தொடங்கியதாக இருக்கலாம். மேலும், தூற்றலுக்கு அஞ்சுபவள் சோதனைக்கு வாராள். மருந்தையும் இடையில் நிறுத்துவாள். பழிச்சொல் ஒழுக்கத்தை வளர்ப்பதில்லை, நோயையே வளர்க்கும்.

வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி செல்லப்பன் நிர்மலா குருதி மாதிரிகளைத் திரட்டினார். இந்தியாவில் இக்கிருமி இருப்பதை அவர்தம் ஆய்வே முதன்முதல் வெளிப்படுத்தியது. அம்மாதிரிகளை அளித்தோர் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த ஏழைப் பெண்கள். ஒரு நாட்டையே எச்சரித்தது அவர்கள் குருதி. ஆயினும் அந்நாளில் நோயுற்ற பெண்கள் சிலர், நன்றிக்கு மாறாகப் பூட்டிய கதவையே கண்டனர்.

மணிமேகலைக் காப்பியத்தை ஓதும் தமிழ் மாணவர்க்கு இவ்விடத்தில் ஒரு செய்தி நினைவுக்கு வரும். கணிகையர் குலத்தில் தோன்றியவள் என்று ஊர் பழித்த பெண்ணே, அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்த்தாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். பசித்தவரிடம் பசிக்குக் காரணம் அவள் கேட்கவில்லை. நோயுற்றவரிடம் நோய்க்குக் காரணம் கேட்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

உடன் உண்பதாலும் தொடுவதாலும் இக்கிருமி பரவாது. இவ்வுண்மையை வகுப்பறையில் தெளிவுறக் கூறும் ஆசிரியரும், பள்ளியை விட்டு விலகிய இளந்தாய் மீண்டும் கல்வி பெறத் துணைநிற்கும் தலைமையாசிரியரும் அவ்வறக்கோட்டத்தின் தூண்கள் ஆவர். சாலைத் தடுப்பில் நிற்கும் காவலரிடம், "மருந்து வாங்கப் போகிறேன், ஐயா" என்று அப்பெண் தலைநிமிர்ந்து கூறும் நாளே, பழியும் தீர்ந்த நாளாகும்.