பயந்தே பழகலாம்

வயது வந்தபின் ஐஸ் ஸ்கேட்டிங் பழக வருகிறவர்களுக்கு எல்லாரும் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு: குழந்தைகளைப் பாருங்கள், அவர்களைப் போலப் பயப்படாமல் இருங்கள். ரிங்க்கின் ஓரச் சுவரைப் பிடித்தபடி அங்குலம் அங்குலமாக நகரும் நாற்பது வயதுக்காரரைத் தாண்டி ஐந்து வயதுப் பிள்ளைகள் விர்ரென்று போகும்போது, அவருக்கே அப்படித்தான் தோன்றும். நல்லெண்ணத்தில் சொல்லப்படும் அந்தப் புத்திமதி தவறானது என்பது என் கட்சி. பெரியவர்களின் பயத்தை ஒரு குறையாக நினைத்துக் கழற்றி எறியச் சொல்கிறோம். உண்மையில் அது அவர்களுடைய உடம்பு சரியாகப் போட்டுவைத்திருக்கும் கணக்கு. அதை மதித்துச் சொல்லிக்கொடுத்தால் பெரியவர்களுக்கும் வரும்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். 95 சென்டிமீட்டர் உயரமும் 15 கிலோ எடையும் உள்ள மூன்று வயதுக் குழந்தை விழுவதையும், 165 சென்டிமீட்டரும் 65 கிலோவும் உள்ள ஒருவர் விழுவதையும் பள்ளிக்கூட இயற்பியலை வைத்தே ஒப்பிடலாம். மோதும் ஆற்றல் எடையையும் விழும் உயரத்தையும் பெருக்கிய அளவில் கூடும் என்பதால், பெரியவரின் விழுகையில் அது ஏழெட்டு மடங்காகிவிடுகிறது. விழும்போது கையை நீட்டி ஊன்றுவது எல்லாருக்கும் தன்னால் வருவது. அப்படி ஊன்றும்போது மணிக்கட்டை ஒட்டி ஏற்படும் எலும்பு முறிவை டப்ளின் அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814இல் விவரித்து எழுதினார். இன்றும் அந்த முறிவு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. தவிர, மூன்று வயதுக் குழந்தை மறுநாள் வேலைக்குப் போகவேண்டியதில்லை, வீட்டுக் கடனும் கட்டவேண்டியதில்லை. ஐஸில் கால் வைத்ததும் தொடை நடுங்குகிறவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழந்தையின் துணிச்சல் என்று நாம் மெச்சுவதில் பெரும்பங்கு, விழுந்தால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியாததும், விழுந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாததும்தான்.

பயத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது: நன்றாக நடக்கத் தெரிந்திருப்பது. தரையில் நடக்கும்போது முன்பாதத்தால் தரையைப் பின்னோக்கி உந்துகிறோம்; உராய்வு அதைத் தாங்கி நம்மை முன்னே அனுப்புகிறது. ஐஸின் மேல் பிளேடின் நீளவாக்கில் உராய்வு இல்லை என்றே சொல்லலாம். பின்னோக்கி உந்தினால் கால் மட்டும் பின்னே ஓடும், ஆள் நின்ற இடத்திலேயே தடுமாறுவார். ஃபிகர் ஸ்கேட்ஸ் அணிந்திருந்தால் முனையில் உள்ள பற்கள் ஐஸைக் கவ்விக் குப்புறத் தள்ளவும் கூடும். பிளேடின் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறது. அதன் இரு பக்கமும் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு கூர்மையான விளிம்புகள். முன்னே போகவேண்டுமானால் உள்விளிம்பு ஐஸில் பதியுமாறு காலைச் சாய்த்துப் பக்கவாட்டில் தள்ளவேண்டும். நாற்பது வருடமாக வேறு திசையில் தள்ளிப் பழகிய கால்கள் இதற்கு எளிதில் ஒத்துக்கொள்ளா. வழுக்குகிறது என்று தெரிந்ததும் உடம்பு நிமிர்ந்து விறைப்பதும் அப்படிப்பட்ட ஒரு பழக்கம்தான். ஐஸில் நிமிர்ந்தால் எடை குதிகாலுக்குப் போகும், கால்கள் முன்னே ஓடிவிடும், பின்மண்டைதான் அடி வாங்கும். முழங்காலை மடித்து, எடையைப் பாதத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து, கைகளை முன்னே நீட்டி நிற்பதுதான் அங்கே காப்பாற்றும். ஆக, பெரியவர் வெறுமையாக வரவில்லை. தரைக்கென்று பழுதில்லாமல் கற்றுவைத்த ஒன்றோடு வருகிறார். அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிப்பதில் என்ன வியப்பு?

சோவியத் உடலியங்கியல் அறிஞர் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன், இந்த விறைப்பை வேறு கண்ணோடு பார்க்க வழி செய்தவர். உடம்பில் இத்தனை மூட்டுகள், ஒவ்வொன்றும் பல வாக்கில் அசையக்கூடியவை. புதிய வேலை ஒன்றில் அத்தனையையும் ஒரே நேரத்தில் ஆள முடியாது. அதனால் பழகுகிறவர் பல மூட்டுகளைப் பூட்டிவைத்துவிட்டுச் சிலவற்றை மட்டும் ஆள்கிறார். தேறத் தேற ஒவ்வொன்றாகத் திறந்துவிடுகிறார். அப்படியானால் முதல் நாள் விறைப்பே கற்றலின் முதல் படி. ‘உடம்பைத் தளர்த்துங்கள்’ என்று சுவருக்கு அப்பாலிருந்து கத்துவதால் அது தளராது. பலிக்கக்கூடிய வேறொரு வழியை 1998இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கப்ரியேலெ வுல்ஃபும் அவருடைய சகாக்களும், பனிமலைச் சறுக்கின் அசைவைப் பழக்கும் கருவி ஒன்றில் பெரியவர்களை ஏற்றினார்கள். தங்கள் பாதத்தைக் கவனிக்கச் சொல்லப்பட்டவர்களைவிட, பாதத்துக்கு அடியில் இருந்த சக்கரங்களைக் கவனிக்கச் சொல்லப்பட்டவர்கள் நன்றாகத் தேறினார்கள். உடம்புக்கு வெளியே ஓர் இலக்கைக் கொடுத்தால் உடம்பு தானே வழி கண்டுகொள்கிறது. அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் முழங்கால், இடுப்பு, தோள் என்று உறுப்புகளை அடுக்காமல், ‘எதிர்ச் சுவரைப் பாருங்கள், இரண்டு காலாலும் ஐஸில் ஓர் எலுமிச்சம்பழம் வரையுங்கள்’ என்று சொல்வதற்கு இந்த ஆய்வு ஒரு காரணம் தருகிறது.

சிறுவயதில் தொடங்கவேண்டியதை இந்த வயதில் தொட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்கேட்டிங் எப்போதும் சிறுவர்களுக்கானதாக இருந்ததில்லை. நெதர்லாந்தின் உறைந்த கால்வாய்களில் பெரியவர்கள் ஊர்விட்டு ஊர் போனது ஸ்கேட்ஸில்தான். ஆங்கிலத்தில் இந்தக் கலைக்கென எழுந்த முதல் நூலை ராபர்ட் ஜோன்ஸ் 1772இல் லண்டனில் வெளியிட்டபோது, அவர் மனத்தில் இருந்த மாணவர் வளர்ந்த மனிதர். பழைய எடின்பரோ ஸ்கேட்டிங் கிளப்பில் சேர விரும்பியவர் ஒவ்வொரு காலிலும் முழு வட்டம் போட்டுக் காட்டி, அப்புறம் ஒரு தொப்பி, இரண்டு தொப்பி, மூன்று தொப்பி எனத் தாண்டவும் வேண்டும். கனவான்கள் தங்கள் தொப்பியைத் தாங்களே தாண்டிய காட்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் இணையர் பிரிவில் தங்கம் வென்ற லுடோவிகா யாகப்சனுக்கு அப்போது வயது 35. ஐந்து வயதில் தொடங்காதவனுக்குக் கதவு சாத்தப்பட்டது என்ற எண்ணம், மூன்று சுற்று நான்கு சுற்றுக் குதிப்புகள் பதக்கத்தைத் தீர்மானிக்கத் தொடங்கிய பின் வேரூன்றியது. பதக்கத்தின் அளவுகோலைப் பழகுநரின் கையில் கொடுத்தது யார் என்றுதான் கேட்கவேண்டும்.

எதிர்த்தரப்புக்கு நியாயமான ஓர் இடத்தையும் விட்டுக்கொடுக்கவேண்டும். 2024இல் மாண்ட்ரியலில் டியானா ஸ்டெல்லாட்டோ-டூடெக் 40 வயதில் உலக இணையர் பட்டம் வென்றதை, வயது ஒரு பொருட்டல்ல என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். இங்கே அது செல்லாது. அவர் சிறுமியாகவே உயர்ந்த நிலையை எட்டி, பல ஆண்டுகள் விலகியிருந்து திரும்பியவர். இதைவிட ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டார்ஃபில் 2005இல் தொடங்கிய, சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் பெரியவர்களுக்கான போட்டி பொருத்தமான சான்று. 28 வயது நிரம்பியவர்களே கலந்துகொள்ளலாம். அங்கே வருகிறவர்களில் வளர்ந்த பிறகே முதன்முதலாக ஸ்கேட்ஸ் கட்டியவர்களும் உண்டு. மூளை இறுகிவிட்டதே என்ற கேள்விக்கும் இப்படி இருபக்கமும் பார்த்தே பதில் சொல்லவேண்டும். மூன்று பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கப் பழகிய இளைஞர்களின் மூளையில் சாம்பல்நிறப் பகுதி சற்றே பெருத்ததை ஜெர்மன் ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டார்கள். 2008இல் அறுபது வயதையொட்டியவர்களிடமும் அத்தகைய மாற்றத்தைக் கண்டார்கள். ஆனால் இளைஞர்களோடு ஒப்பிட்டால், அந்த வித்தையில் தேறிய முதியவர்கள் குறைவு. முடியும், மெதுவாக முடியும், எல்லாருக்கும் ஒரே அளவில் முடியாது.

மிஞ்சும் ஆட்சேபங்களில் வலுவானது குடும்பத்தைப் பற்றியது. சம்பாதிக்கிற ஒருவர் கையை முறித்துக்கொண்டால் யார் பொறுப்பு? எலும்புத் தேய்வு உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஐஸில் இறங்கக் கூடாது. அதில் வீராப்புக்கு இடமில்லை. மற்றவர்களுக்கு ஆபத்தைக் குறைக்க முடியும், ஒழிக்க முடியாது. பெரியவரின் பயம் உதவிக்கு வருவது இங்கேதான். ஹெல்மெட்டையும் மணிக்கட்டுக் காப்பையும் யாரும் வற்புறுத்தாமலே அவர் மாட்டிக்கொள்வார். தாழக் குந்தி, பக்கவாட்டில் இடுப்புச் சதை மேல் விழுந்து, மற்றவர்களின் பிளேடு ஏறாதபடி விரல்களை மடக்கி, மண்டியிட்டு, ஒரு கால் ஊன்றி எழும் முறையைப் பொறுமையாகப் பத்து தடவை செய்து பார்ப்பார். நிறுத்தக் கற்பதும் அப்படியே. கால்களை அகட்டி, முன்விரல்களை உள்நோக்கித் திருப்பி, ஐஸைச் சுரண்டி நிற்கத் தெரிந்துவிட்டால் அவர் பயத்தில் பாதி தீர்ந்துவிடும். வேகம் கூடிய பிறகே நிறுத்துவதைப் பற்றிக் கவலைப்படுகிற சிறுவர்களுக்கு இந்த வரிசை பிடிக்காது.

இன்னொரு தயக்கம் கௌரவம் பற்றியது. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து டொராண்டோவுக்குப் போன தமிழர்களின் வீடுகளில் இது பழைய சங்கதி. பிள்ளைகள் பள்ளி வழியே ஸ்கேட்டிங் பழகிவிட, கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுக் குளிரில் வேலியோரம் நிற்பது பல அப்பா அம்மாக்களின் வேலையானது. அந்த நகரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட திறந்தவெளி ரிங்க்குகள் குளிர்காலத்தில் கட்டணமின்றித் திறந்திருக்கின்றன; விழுந்தால் பிள்ளை பார்க்குமே என்ற ஒரே காரணத்துக்காக அவற்றை ஒதுக்குவது பெரிய நஷ்டம். பிள்ளையிடமே கற்றுக்கொள்ளலாமே என்று சொல்வது கேட்க இனிமை. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. எப்படிச் செய்கிறோம் என்று தெரியாமலே செய்கிறவர்கள் நல்ல ஆசிரியர்கள் ஆவதில்லை. ‘சும்மா போங்கப்பா’ என்பதைத் தவிர ஒரு பத்து வயதுக்காரனால் வேறென்ன சொல்லிவிட முடியும்? பெரியவர்களுக்குத் தேவை, ஏன் எதற்கு என்று விளக்கக்கூடிய ஆசிரியரும், பக்கத்தில் பாய்ந்தோடும் சிறுவர்கள் இல்லாத ஒரு மணி நேரமும். ரிங்க் நிர்வாகங்கள் அந்த நேரத்தைப் பிந்திய இரவுக்குத் தள்ளாமல் மாலையில் ஒதுக்கினால், மறுநாள் காலை வேலைக்குப் போகிறவர்களும் வந்து பழகுவார்கள்.