வீட்டாரின் ஹக்கும் வேலை நேரமும்

2020-ஆம் ஆண்டின் கொரோனாக் காலத்திலிருந்து, வீட்டிலிருந்தே வேலை செய்யும் முறையும், வசதிப்பட்ட நேரத்தில் வேலையை முடித்துக்கொள்ளும் சலுகையும் நம்மில் பலருக்குக் கிடைத்தன. மனைவி மக்களோடு இருக்க வாய்த்ததே என்று மகிழ்ந்தோம். ஆனால் நடப்பது என்ன? உடல் வீட்டில் இருக்கிறது. உள்ளமோ அலுவலகத்தில் இருக்கிறது. சோற்றுத் தட்டின் பக்கத்திலேயே செல்போன். குழந்தை இருமுறை "அத்தா" என்று அழைத்தும் பதில் இல்லை. கேட்டால், "எல்லாம் உங்களுக்காகத்தானே சம்பாதிக்கிறேன்" என்கிறோம்.

இந்தப் பதில் அல்லாஹ்விடம் செல்லுமா?

ஹலாலான சம்பாத்தியம் இபாதத்துதான், ஐயமில்லை. ஆனால் இபாதத் என்பதாலேயே அது பிறருடைய ஹக்கை விழுங்கிவிடலாமா? புகாரீ ஷரீபில் வரும் ஒரு நிகழ்ச்சியைப் பாருங்கள். ஹஜ்ரத் ஸல்மான் (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபுத்தர்தா (ரலி) அவர்களின் இல்லம் சென்றபோது, அவர்களின் மனைவியார் அலங்காரமின்றி எளிய உடையில் இருந்தார்கள். காரணம் கேட்டதற்கு, கணவருக்கு உலகத்தில் நாட்டமில்லை என்றார்கள். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை! ஸல்மான் (ரலி) அவர்கள் அவரை நோன்பை விட்டு உண்ணச் செய்தார்கள். இரவில் உறங்கச் செய்தார்கள். பின்னிரவில் எழுப்பி இருவருமாகத் தொழுதார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் வீட்டாருக்கும் ஹக்கு உண்டு, உரியவருக்கு உரியதைக் கொடும் என்று அறிவுறுத்தினார்கள். ஸல்மான் கூறியது உண்மையே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

சிந்தியுங்கள்! நபிலான தொழுகைக்கே வீட்டாரின் ஹக்கை எடுத்துக்கொள்ள அனுமதியில்லை என்றால், மாதச் சம்பள வேலைக்கு எங்கிருந்து அனுமதி வரும்? ஊர் ஊராய்ச் சென்று பயான் செய்யும் நம் போன்ற ஆலிம்களும் இதற்கு விலக்கல்லர். சொல்லப்போனால் அந்த அறிவுரை முதலில் நமக்குத்தான்.

மறுபுறத்தையும் மறக்கலாகாது. மேற்பார்வை இல்லை என்பதற்காக எட்டு மணி நேரக் கூலியை வாங்கிக்கொண்டு நான்கு மணி நேரம் உழைப்பது மோசடியே. ஒப்புக்கொண்ட நேரம் முதலாளியின் அமானத். எஞ்சியது வீட்டாரின் அமானத். ஒன்றை எடுத்து மற்றதில் சேர்க்க நமக்கு உரிமையில்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1919-ஆம் ஆண்டு முதல் உடன்படிக்கை, ஆலை வேலையை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வரையறுத்தது. சங்கு ஊதினால் வேலை முடிந்தது. வீட்டு வேலைக்குச் சங்கு இல்லை. ஆனால் நமக்குப் பாங்கு இருக்கிறது! ஜும்ஆவின் அழைப்பு வந்தால் வியாபாரத்தை விடவும், தொழுகை முடிந்தபின் இறையருளைத் தேடிப் பரவவும் ஏவுகிறது குர்ஆன் (62:9, 10). தொடங்கவும் தெரிய வேண்டும்; நிறுத்தவும் தெரிய வேண்டும்.

நேரத்தைத் தாமே வகுக்க இயலாத கூலித் தொழிலாளர்களின் நிலை வேறு. சக்திக்கு மீறி அல்லாஹ் யாரையும் சிரமப்படுத்துவதில்லை. ஆனால் வகுக்க முடிந்தவர்கள் விசாரிக்கப்படுவார்கள். மஃரிபிலிருந்து இஷா வரையிலாவது செல்போனை அலமாரியில் வைத்துவிட்டு, பிள்ளைகளுடன் அமருங்கள்.

உரியவருக்கு உரியதைக் கொடுக்கும் நல்லுதவியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.