காரணம் இல்லாத டீ

திருவல்லிக்கேணியில் ஆய்வு மாணவியாகத் தங்கியிருந்த காலம். ஒரு மாலை நூலகத்திலிருந்து விடுதிக்குத் திரும்பும் வழியில் டீக்கடை முன் நின்று ஒரு டீ கேட்டேன். மாஸ்டர் ஆற்றியபடியே, "பார்சலாம்மா?" என்றார். குரலில் கேலி இல்லை. பெண் வாங்கும் டீயை வேறெங்கோ வேறு யாரோதான் குடிப்பார்கள் என்பது அவருடைய அனுபவம். நானும் "ஆமாம்" என்றேன். நூல் கட்டிய பிளாஸ்டிக் பையில் வாங்கிப்போய், அறையில் ஆறிய டீயைக் குடித்தேன். அந்த 'ஆமாம்' இன்னும் உறுத்துகிறது. யாரும் தடுக்கவில்லையே, ஏன் ஒதுங்கினேன்?

திருவல்லிக்கேணி தனியாட்களுக்கென்றே சமைக்கும் பேட்டை. வேலை தேடி வந்த இளைஞர்களுக்கு மேன்ஷன்கள், மெஸ்கள், இரவானால் கையேந்தி பவன்கள். மனம்போல் சுற்றிவிட்டுப் பசித்த இடத்தில் சாப்பிடும் சுகம் ஆண்களைக் கணக்கில் வைத்தே உண்டானது. அதே வயதில் அதே நகரத்துக்கு வந்த எங்களுக்கு விடுதியின் சாப்பாட்டு நேரமும் கதவு பூட்டும் நேரமும் இருந்தன.

அதே பேட்டையில்தான் 1957இல் முரளி கஃபே முன் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்தார்கள். பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கச் சொன்னார்கள். சாதி அங்கே அவமதிப்பாக வெளியில் தெரிந்தது, எதிர்க்க முடிந்தது. பெண்ணைப் பிரித்த 'ஃபேமிலி ரூம்' மரியாதையாக வந்தது. "உள்ளே உக்காருங்கம்மா" என்று திரையை விலக்கிக் காட்டியது. அவமதிப்பை எதிர்ப்பவள் போராளி. மரியாதையை மறுப்பவள் திமிர் பிடித்தவள். என் வாயிலிருந்து அன்று 'ஆமாம்' வந்தது இதனால்தான்.

ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011இல் 'ஒய் லாய்ட்டர்?' நூலை எழுதினார்கள். காரணமே இல்லாமல் வெளியில் இருப்பதும் பெண்ணின் உரிமை என்பது அவர்கள் வாதம். காரணம் காட்டச் சொல்வதுதான் காவல் என்று எனக்கும் படுகிறது.

சென்னை மாறிவிட்டது. காதர் நவாஸ்கான் சாலையின் குளிரூட்டிய கடையில் ஒரு காபியோடு ஒருத்தி பொழுதைக் கழிக்கலாம். பார்சலா என்று யாரும் கேட்பதில்லை. மகிழ்ச்சிதான். ஆனால், அங்கே மேசை துடைக்கும் பெண் வேலை முடிந்து அதே நாற்காலியில் உட்கார முடியுமா? காசு கொடுத்து வாங்கியதை உரிமை என்பதா?

என் ஊர் ஆரல்வாய்மொழி. தெருவில் நடப்பதன் அருமை நாஞ்சில் நாட்டுக்குத் தெரியும். 1924இல் வைக்கத்தில் தொடங்கிய தெருவுரிமைப் போராட்டம் 1926இல் சுசீந்திரம் கோயில் தெருக்களுக்கும் வந்தது. வைக்கத்தில் நாகம்மையும் கண்ணம்மாளும் முன்னால் நின்றார்கள். நடக்கும் உரிமைக்கே அத்தனை பாடு. உட்காரும் உரிமை பெண்களுக்கு இன்னும் வரவில்லை.

போன ஆடியில், காற்று மண்ணை வாரியடித்த ஒரு மாலை, ஊர்ச் சாயாக்கடை பெஞ்சில் தனியாக இருந்து சாயாவும் ரசவடையும் சாப்பிட்டேன். செங்கல் சூளையில் வேலை முடித்த அக்கா ஒருவர் தூக்குவாளியோடு வந்து ஓரமாக நின்றார். "இரிங்கக்கா, குடிச்சிட்டுப் போலாம்" என்று நகர்ந்து இடம் விட்டேன்.

"டீச்சரு இருக்கலாம் மக்ளே. நாங்க இருந்தா வேல வெட்டி இல்லாதவன்னு சொல்லுவாவ."

நாளெல்லாம் கல் சுமந்தவர் சொல்கிறார். வாளி நிறைந்ததும் போய்விட்டார்.

அன்று எனக்கு இடம் தந்தது 'டீச்சர்' என்ற சொல். அந்த அக்கா காரணம் சொல்லாமல் அங்கே உட்காரும் நாள்வரை எனக்குக் கிடைத்தது வெறும் சலுகை.