பிறவா மகவுக்கு நாம் பட்ட கடன்

வேடசந்தூர் நூற்பாலையிலோ நிலக்கோட்டைப் பூந்தோட்டத்திலோ கூலிக்கு உழைக்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். ஐந்தாம் மாத ஸ்கேனில், குழந்தையின் தலையில் நீர் கோத்திருப்பதாக மருத்துவர் கூறுகிறார். அன்று மாலையே அவள் வீட்டுத் திண்ணையில் தீர்ப்புகள் குவிந்துவிடுகின்றன. கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்பர் சிலர். கலைத்துவிடு என்பர் வேறு சிலர். உயிர் இறைவனுடையது, பெற்றுக்கொள் என்போம் நாம். அது நம் நம்பிக்கை. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அதைச் சொல்வதால் நமக்கு என்ன செலவு என்று நாம் கேட்டுக்கொண்டதுண்டா?

முதற்கண் உண்மையை அறிதல் வேண்டும். மூளையின் அறைகளில் சுரக்கும் நீர் வடிய வழியின்றித் தேங்குவதே இந்நோய். கருவில் அவ்வறையின் அகலம் 10 மில்லிமீட்டருக்குள் இருப்பது இயல்பு. அதைச் சற்றே தாண்டி, வேறு குறை ஏதும் இல்லையெனில், பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே வளர்கின்றன. 15 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ முதுகுத்தண்டுப் பிளவு உடனிருந்தாலோ துன்பம் பெரிதாகலாம். அதை மறைத்துச் சொல்லும் ஆறுதல் பொய்யே. (கருத்தரிக்குமுன் தொடங்கி உண்ணும் ஃபோலிக் அமில மாத்திரை அப்பிளவைப் பெரிதும் தடுக்கும். இதை நம் திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் சொல்லலாமே!) கருப்பைக்குள்ளேயே குழாய் வைத்து நீரை வடிக்க 1980களில் முயன்றார்கள், எதிர்பார்த்த பயன் காணாது கைவிட்டார்கள். எனவே பேறுகாலம் வரை செய்யத்தக்கவை சிலவே: மீண்டும் ஸ்கேன் பார்த்தல், தொற்று உண்டா எனத் தேடுதல், மூளை அறுவை மருத்துவர் உள்ள ஊரில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்தல்.

பூட்டுக்குப் பேர்பெற்ற ஊரினர் நாம். அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்பவரும் பூட்டுத் தொழிற்சாலையில் பணிபுரிந்தவரே. 1955இல் அவருடைய மகன் இந்நோயுடன் பிறந்தான். பிஞ்சுத் தலையில் ஊசி குத்தி நீர் எடுப்பதைக் காணப் பொறாத அத்தந்தை, ஒரு திசையில் மட்டும் நீரை விடும் சிறு வால்வு ஒன்றைச் செய்தார். 1956இல் அது முதலில் பொருத்தப்பட்டது வேறொரு குழந்தைக்கு. அவர் மகன் சிறு வயதிலேயே மறைந்தான். அவ்வால்வோ எண்ணற்ற பிள்ளைகளை வாழவைத்தது.

இன்றும் குழந்தை பிறந்தபின் மூளையிலிருந்து வயிற்றுக்குக் குழாய் வைத்தே பெரும்பாலும் நீரை வடிக்கிறார்கள். குழாய் அடைபடலாம்; தொற்று வரலாம். வாந்தி, மயக்கம், காய்ச்சல் எதைக் கண்டாலும் தாய் அன்றிரவே புறப்பட வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல். கழுத்து நிற்பதும் நடப்பதும் தாமதமாகலாம். பயிற்சிக்கு வாரந்தோறும் தூக்கிச் செல்ல நேரும். இத்தகைய குழந்தைகளைக் கண்டறிந்து இலவசச் சிகிச்சைக்கு வழிசெய்யும் அரசுத் திட்டம் 2013இல் தொடங்கியது. எனினும் அவள் இழக்கும் கூலியை எத்திட்டம் தரும்?

கருவில் பெருங்குறை இருப்பதாக மருத்துவக் குழு கண்டால் எம்மாதத்திலும் கருக்கலைக்க 2021ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இடந்தருகிறது. அதைக் கண்டித்துப் பேசுவது நமக்கு எளிது. பெற்றுக்கொள் என்று சொன்னவர்கள் பெற்றபின் அவளைத் தனியே விட்டால், கலைத்துவிடு என்றவர்களைக் குறைகூற நமக்கு என்ன உரிமை?

அன்பியக் கூட்டத்தில் அவளுக்காகச் செபிக்கிறோம். இவ்வாரம் அவளுடன் மதுரைக்குப் போவது யார், மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து சோறிடுவது யார், அன்றைய கூலியை ஈடுசெய்வது யார் என்பதையும் அதே கூட்டத்தின் குறிப்பேட்டில் எழுதிவிட்டுக் கலைந்தால் என்ன?