தாழ்ச்சி யாருக்கான பாடம்?

தியானத்துக்குப் போவதை எங்க ஊர்ப் பெரியவங்க 'ஞான ஒடுக்கம்' என்பார்கள். பழைய கத்தோலிக்கத் தமிழ். புலனை ஒடுக்கி, வாயை ஒடுக்கி, கடவுள் முன்னால் உட்காருவது. ஒடுங்கியே கிடந்த சனத்துக்கு இன்னொரு ஒடுக்கம் எதுக்கு என்று நான் கேட்டதில்லை. எட்டு நாள் தியானம் ஒன்றுக்குப் போனபோதுதான் கேட்கத் தோன்றியது.

எட்டு நாளும் மௌனம். காலையில் ஒரு விவிலியப் பகுதி கொடுப்பார்கள். அதை மெதுவாக, திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கீகோ இதை நாலு படி ஏணி என்றார்: வாசிப்பு, தியானம், மன்றாட்டு, பிறகு சொல் அடங்கி இறைவனில் நிலைத்திருப்பது. இதோடு இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' முறையும் சேர்ந்திருந்தது. 1548இல் பாப்பரசர் மூன்றாம் பவுல் ஒப்புதல் கொடுத்த புத்தகம் அது. இயேசு பிறந்த காட்சி என்றால், பெத்லகேமுக்குப் போகும் வழி மேடா பள்ளமா, குகை எவ்வளவு உயரம் என்று மனசுக்குள் பார்க்க வேண்டும். அப்புறம் நாமே அதற்குள் நுழைய வேண்டும்.

எப்படி நுழைவது? தகுதியற்ற ஒரு சின்ன அடிமையாகத் தன்னைப் பாவித்துக்கொண்டு, அந்தக் குடும்பத்தைப் பார்த்து ஊழியம் செய் என்கிறார் இஞ்ஞாசியார்.

சாமியார் இதை உருக்கமாகச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் கண்கலங்கினார்கள். எனக்குக் கண்ணீர் வரல. எரிச்சல்தான் வந்தது.

இஞ்ஞாசியார் பிரபு குடும்பத்துப் பிள்ளை. வாள் பிடித்தவர். 1521இல் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டு காலை முறித்த பிறகுதான் திரும்பினார். அவர் தன்னை அடிமையாக நினைப்பது ஒரு இறக்கம். அதில் வலி இருக்கு, உண்மையும் இருக்கு. எங்க தாத்தா பண்ணையாள். துண்டைக் கக்கத்தில் இடுக்கி நின்றவர். எனக்கு அது பாவனை இல்லை, ஞாபகம்.

மேலே இருக்கிறவன் இறங்கி வந்தால் அது தாழ்ச்சி. கீழே தள்ளப்பட்டவனை அங்கேயே கிட என்றால் அது தாழ்த்துவது. இரண்டுக்கும் ஒரே பாடத்தை வைக்கலாமா? வடக்கன்குளத்தில் கோவிலுக்குள் சாதி பிரித்து நின்ற சுவரை 1910இல் இடித்தார்கள். இறங்க வேண்டிய மேல்சாதிக் கத்தோலிக்கர்கள் நீதிமன்றம் ஏறினார்கள், தோற்றார்கள். தாழ்ச்சிப் பாடம் அவர்களுக்கல்லவா முதலில் தேவைப்பட்டது?

ஆனால் புத்தகத்தைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. தியானம் கொடுப்பவர் சுருக்கமாகத்தான் பேச வேண்டும், தியானிப்பவர் தானே கண்டுபிடிப்பதுதான் ருசிக்கும் என்றும் அதே புத்தகம் சொல்லுது. அந்தப் பிறப்புக் காட்சியில் ஒரு வேலைக்காரப் பெண்ணும் இருக்கிறாள். பேர் கிடையாது.

மூன்றாம் நாள் அவள் இடத்தில் எங்க பாட்டியை நிறுத்தினேன். ஊருக்கெல்லாம் பேறுகாலம் பார்த்தவள். பிள்ளை பிறக்கும்வரை அவள் கை வேணும். பிறந்த பிறகு கொல்லைப்புறத்தில் நின்று நெல் வாங்கிட்டுப் போகணும். மாட்டுக்கொட்டகை அவளுக்குத் தெரியும். சாணி வாடை தெரியும். வைக்கோலை உதறிப் போட்டாள், வெந்நீர் கேட்டாள், தொப்புள்கொடி அறுத்தாள். மரியா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அங்கே தகுதியற்றவள் என்று அவளை யாரும் சொல்லல. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

தியானம் என்றாலே தப்பி ஓடுவது என்று தோழர்கள் சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எங்க பாட்டிக்குத் தன் பிரசவத்தில்கூட எட்டு நாள் ஓய்வு கிடைக்கல. உட்கார்ந்து, வாயை மூடி, தன்னைப் பற்றித் தானே யோசிக்க ஒரு நேரம் நம் சனத்துக்கு யார் கொடுத்தார்கள்? அந்த எட்டு நாளும் நமக்கு வேணும். உள்ளே நுழையும்போது மட்டும், அடிமையாக நுழைய வேண்டியதில்லை.